எண்ணுக்கு விழுந்த மார்க்கும் முகத்துக்கு விழுந்த மார்க்கும்

தேர்வு என்றாலே நம்ம சனங்களுக்குக் குலைநடுக்கம், அதனால்தான் சலுகை கேட்கிறார்கள் என்றொரு பேச்சு நூறு வருசத்துக்கும் மேலாக இந்த நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் பேசுகிறவனும் பேசுகிறான், டீக்கடையில் பேசுகிறவனும் பேசுகிறான். ‘தகுதி’, ‘திறமை’ என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு முழுப் புராணமே பாடி முடித்துவிட்டார்கள். இந்தப் புராணத்தின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று கிடைக்கிறது. எழுதும் தாளோடு நமக்குச் சண்டை இருந்தது குறைவு. தாளெல்லாம் திருத்தி முடித்தபிறகு ஓர் அறைக்குள் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துப் போடுகிற மார்க்கு ஒன்று இருக்கிறதே, வழக்கெல்லாம் அதோடுதான். ராணிப்பேட்டையில் தோல் ஷாப்புத் தொழிலாளி மகனாகப் பிறந்து, ஆராய்ச்சிப் படிப்புக்கான தேசியத் தேர்வை எழுதியவன் என்கிற முறையில் எனக்கும் இதில் சாட்சி சொல்ல ஏதோ இருக்கிறது. முதலில் பழைய கதையைப் பார்த்துவிடலாம்.

1893 ஜூனில் இங்கிலாந்துக் கீழ்ச்சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் ஒரே சமயத்தில் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது தீர்மானம். காங்கிரஸ்காரர்கள் பல வருசமாகக் கேட்டுவந்தது. கப்பலேறிப்போய் எழுத வேண்டிய பரீட்சை உள்ளூருக்கே வந்தால் நல்லதுதானே என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். இரட்டைமலை சீனிவாசனுக்கு அப்படித் தோன்றவில்லை. பறையர் மகாஜன சபை சார்பில் சென்னையில் கூட்டம் கூட்டி, அந்தத் தீர்மானத்தை எதிர்த்து 3412 பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்றைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். மனுவின் நீளம் 112 அடி. தாளோடு தாள் ஒட்டி, பெயர்மேல் பெயராக 112 அடிக்கு நீண்டு கிடந்த அந்தச் சுருளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘பறையன்’ பத்திரிகையை அவர் தொடங்கியதும் அதே வருசம்தான்.

இதற்காக அவரை வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்தவர் என்று எழுதியவர்கள் உண்டு. ஒன்றுமே எழுதாமல் விட்டவர்கள் அதைவிட அதிகம். அவர் பரீட்சையைப் பார்த்துப் பயந்தாரா? இல்லை. பரீட்சையில் ஜெயிக்கிறவன் வெறும் மார்க்கோடு வீட்டுக்குப் போவதில்லை. கலெக்டர் நாற்காலிக்குப் போகிறான், மாஜிஸ்திரேட் நாற்காலிக்குப் போகிறான். பள்ளிக்கூட வாசலிலேயே நம்மைத் தடுத்து நிறுத்திவிட்டு, பந்தயம் பொதுவானது, யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்று சொன்னால், ஜெயித்த சாதிக்கே சேரியின் தலையெழுத்தும் போய்ச்சேரும். தேர்வை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்த்த முதல் தமிழ் ஆவணங்களில் ஒன்றாக அந்த மனுவை நான் வைப்பேன். 1916இல் வந்த பிராமணரல்லாதார் அறிக்கைக்கு இருபத்துமூன்று வருசம் மூத்தது அது. ஐ.சி.எஸ். தேர்வு இந்தியாவில் நடக்கத் தொடங்கியது 1922இல்.

அடுத்து 1950. சுதந்திரம் வந்து, அரசியல் சட்டமும் வந்தாகிவிட்டது. அந்த வருசத்து ஐ.ஏ.எஸ். தேர்வில் அச்சுதானந்த தாஸ் என்ற வங்காளத்துத் தலித் இளைஞர் எழுத்துத் தேர்வில் 613 மார்க்கு வாங்கினார். பட்டியலில் முதலிடம் பிடித்த சென்னை மாகாண இளைஞர் எழுத்தில் வாங்கியது 602. அப்புறம் நேர்முகம். 300க்கு அந்த இளைஞருக்கு 260 போட்டார்கள். தாஸுக்கு 110. தாஸ் பட்டியலின் அடிக்குப் போய்விட்டார். எஸ்.சி. பிரிவிலிருந்து ஐ.ஏ.எஸ். ஆன முதல் ஆள் அவர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த நாலு எண்ணையும் பக்கத்திலேயே அச்சடித்திருந்தால் பிள்ளைகளுக்கு உண்மையாகவே பொது அறிவு வளர்ந்திருக்கும். தாளில் பெயர் கிடையாது, எண்தான். எண்ணுக்கு 613 விழுந்தது. அரைமணியோ முக்கால்மணியோ முகத்தைப் பார்த்தார்கள், 110 ஆகிவிட்டது. தகுதி எந்த இடத்தில் காணாமல் போனது?

ஆராய்ச்சிப் படிப்புக்கு வருவோம். எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்த பிறகு பிஎச்.டி. சேர்வதற்கு நம் நாட்டில் நெடுங்காலம் பொதுவான வாசல் என்று ஒன்று இருந்ததில்லை. பேராசிரியர் ஒருவர் மனசு வைக்க வேண்டும். அவர் வீட்டுக்குக் காய்கறி வாங்கித் தந்தவன் சேர்ந்தான். அவருடைய மைத்துனனுக்குத் தெரிந்தவன் சேர்ந்தான். சாதிக்காரன் சேர்ந்தான். இதைச் சட்டமென்று யாரும் எழுதிவைக்கவில்லை, சட்டத்தைவிடப் பலமாக நடந்தது. 1984இல் யூ.ஜி.சி. ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்புக்குத் தேசிய அளவில் தேர்வு கொண்டுவந்தது. 1989 டிசம்பரில் விரிவுரையாளர் தகுதிக்கான ‘நெட்’ தொடங்கியது. அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆரும் யூ.ஜி.சி.யும் சேர்ந்து நடத்தின. தேர்வு வந்ததால் பேராசிரியரின் தயவு ஒழிந்துபோகவில்லை. ஆனால் அந்தத் தயவுக்கு முன்னால் ஒரு தாள் வந்து விழுந்தது. யார் பிள்ளை என்று தெரியாமல் திருத்தப்படும் தாள். கூடவே மாதாமாதம் பணமும் வரும். குரு தட்சிணை கொடுக்க வக்கில்லாதவன் உதவித்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அந்த வகையில் இது பெரிய மாற்றம்தான். தோழர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள், எனக்குத் தயக்கமில்லை.

‘அப்படியானால் நுழைவுத்தேர்வை ஆதரிக்கிறாயா?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். 2017இல் நீட் வந்து உட்கார்ந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவுக்கு நீட்டில் 720க்கு 86 வந்தது. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அந்தப் பெண் நம்மை விட்டுப் போய்விட்டாள். பிளஸ் டூ தேர்வும் எண் போட்ட தாள்தான், அதுவும் முகம் தெரியாமல் திருத்தப்படுவதுதான். அதை மதிக்காமல் அதற்கு மேலே, லட்சக்கணக்கில் கோச்சிங் பணம் கட்டினால் ஏறக்கூடிய இன்னொரு சுவரை எழுப்புவது நீட். ஆராய்ச்சிப் படிப்பில் எழுத்துத் தேர்வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேராசிரியரின் மனசு ஒன்றுதான். ஒரே ‘நுழைவுத்தேர்வு’ என்ற சொல் ஓரிடத்தில் சுவராகவும் இன்னோரிடத்தில் கதவிடுக்காகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோஷத்தில் போட்டுக் கட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

என் ஊரைப் பற்றிச் சொல்லாமல் என் தேர்வைப் பற்றிச் சொல்ல முடியாது. பாலாற்றின் இந்தக் கரையில் ராணிப்பேட்டை, அந்தக் கரையில் ஆற்காடு. இங்கிருந்து மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல்தான். முதலாளிகள் பல சமூகத்தார், தோலைத் தொட்டு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலும் நாம்தான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். 1970களில் பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்து, முழுசாகப் பதனிட்டு அனுப்பு என்றானதும், எங்கே பார்த்தாலும் குரோம் பதனிடுதல் பரவியது. குரோம் உப்புகள் தயாரித்த ஆலை ஒன்று ராணிப்பேட்டையிலேயே இருந்தது. 1990களில் அதை மூடிய பிறகும் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலைபோலப் பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையைச் சட்டக் கல்லூரியில் படிக்கிறவர்கள் இன்றைக்கும் எங்கள் ஊர் நாற்றத்தில் இருந்துதான் படிக்கிறார்கள். 2015 ஜனவரி 31 விடிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக் குழம்புத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அதில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

இதே தோலுக்கு இன்னொரு முகமும் உண்டு. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே தோல் ஒரு விஞ்ஞானம். கொலாஜன் புரதத்தோடு குரோமியம் எப்படிப் பிணைகிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். தோலைத் தொட்டால் தீட்டு, தோலைப் பற்றிப் படித்தால் டாக்டர். ராணிப்பேட்டை சுண்ணாம்புக் குழிக்கும் அடையாறு ஆய்வுக்கூடத்துக்கும் நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த பஸ், சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். தேர்வு.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தது 1990களின் தொடக்கத்தில். எங்கள் காலனியில் முதல் எம்.எஸ்ஸி. நான்தான். தேர்வு அறிவிப்பை வாலாஜா ரோடு ரயில்நிலையப் புத்தகக் கடையில் தொங்கிய எம்ப்ளாய்மென்ட் நியூஸில்தான் பார்த்தேன். வாங்கக் காசில்லை, நின்றபடியே தேதியையும் முகவரியையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். படித்தது அம்பேத்கர் மன்றத்து டியூப்லைட்டின் கீழே. மன்றத்தில் கேரம் ஆடுகிற பையன்கள் ஒன்பது மணிக்கு மேல் எனக்காக போர்டை மடக்கி வைத்துவிடுவார்கள். அதற்கு இன்றைக்கும் நான் கடன்பட்டவன். அம்மா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்: “இன்னாடா நைனா, இன்னும் எத்தினி பரிச்சதான் எய்துவ? சம்பளம் எப்பதான் வரும்?” பரீட்சையிலேயே சம்பளம் வரும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

தேர்வு சென்னையில். காலையில் கோடிட்டுக் கருப்பாக்கும் தாள், மதியம் விரிவாக எழுதும் தாள். கேள்வித்தாளில் ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் இந்தி. தமிழ் எங்கேயும் கிடையாது. பன்னிரண்டாவது வரைக்கும் ‘அணைவுச் சேர்மம்’ என்று படித்தவன் நான். பி.எஸ்ஸி. முதல் வருசத்தில்தான் அதற்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று தெரிந்தது. இந்தி பேசும் மாநிலத்துக்காரனுக்கு அவன் வீட்டு மொழியில் கேள்வி உண்டு, எனக்கு இல்லை. யூ.ஜி.சி. நெட்டிலும் மொழிப்பாடங்களைத் தவிர மற்றவற்றுக்கு இன்றைக்கும் இதே கதைதான். எண் போட்ட தாள் சாதி பார்க்காது என்று நான் சொல்லிவந்தாலும், அந்தத் தாள் எந்த மொழியில் அச்சாகிறது என்பதில் ஒரு தரப்பு எடுத்துவிடுகிறது. சி.எஸ்.ஐ.ஆர். 2011இலும், யூ.ஜி.சி. 2012இலும் விரிவாக எழுதுவதை எடுத்துவிட்டு முழுக்கவும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறின. இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதத் திணறிய நம் பிள்ளைகளுக்கு அதனால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். யோசித்து எழுதும் பழக்கம் போய்விட்டது என்று கவலைப்படுகிறவர்களின் நியாயமும் புரிகிறது. அந்த யோசனையை எந்த மொழியில் எழுதச் சொன்னார்கள் என்பதையும் அவர்கள் சேர்த்துப் பேசினால் நல்லது.

இரண்டாவது தடவை எழுதியதில் எனக்கு ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. தபால் வந்த அன்றைக்கு நைனா ஷாப்பிலிருந்து வந்து கடிதத்தைக் கையில் வாங்காமல், “நீயே புடிச்சிக் காட்டுடா, என் கையி ஈரம்” என்றார்.

பிறகு நேர்முகம். தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனம், பேர் வேண்டாம். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். குரோமியம் மூன்றின் அணைவுச் சேர்மங்களுக்கு ஏன் நிறம் வருகிறது என்று கேட்டார்கள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. படிகப்புலக் கொள்கையில் தொடங்கி, மூன்று எலக்ட்ரான்களின் தாவலைச் சொல்லி, போர்டில் வரைந்தும் காட்டினேன். டிரம்மில் இருந்து எடுக்கும்போது தோல் நீலமாக இருப்பதும் அதனால்தான் என்றேன். அதோடு வேதியியல் முடிந்துபோனது. “தோல் உனக்கு எப்படித் தெரியும்?” “அப்பா அங்கே வேலை செய்கிறார்.” “என்ன வேலை? சூப்பர்வைசரா?” “இல்லை சார், குழியில்.” ஒருத்தர் மற்றவரைப் பார்த்தார். அப்புறம் மூத்தவர் இங்கிலீஷில் மிகவும் அன்பாகச் சொன்னார்: உங்களுக்கெல்லாம் தோல் தொழில்நுட்பம் இயல்பாக வருமே, எதற்கு இந்தச் சுத்த வேதியியல்?

சுத்த வேதியியல்! நம்மாளுங்க பாடப்புத்தகத்தில்கூட அந்தச் சொல்லை எப்படிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அங்கே எடுக்கப்பட்டவர்களில் இருவர் அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் விரிவுரையாளர் தகுதி மட்டும் பெற்றவர்கள். ஜே.ஆர்.எஃப். கடிதத்துக்கு இரண்டு வருசம்தான் கெடு. அதற்குள் யாராவது ‘கைடு’ கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளாவிட்டால் கடிதம் வெறும் காகிதம். பதினாலு மாசம் அலைந்த பிறகு வேறொரு இடத்தில் ஒரு பேராசிரியர் சேர்த்துக்கொண்டார். நைனாவின் விரலிடுக்கில் ஊசியால் குத்தின மாதிரி இருந்த குரோமப் புண்ணுக்குப் பேர் என்ன, அது ஏன் ஆறுவதில்லை என்பதை அந்த ஆய்வகத்து நூலகத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் டாக்டர் அதைச் சேற்றுப்புண் என்று களிம்பு கொடுத்துக்கொண்டிருந்தார்.

இது என் ஒருத்தனுடைய கதையாக இருந்தால் எழுதவே மாட்டேன். 2016இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அப்துல் நஃபே குழு ஒரு வேலை செய்தது. நாலு வருசத்து எம்.பில்., பிஎச்.டி. சேர்க்கை மதிப்பெண்களை எடுத்துவைத்துக்கொண்டு எழுத்துத் தேர்வையும் நேர்முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எழுத்தில் இருந்த இடைவெளி நேர்முகத்தில் சமூகப் பிரிவு வாரியாக மாறுவது தெரிந்தது, பாகுபாடு நடக்கிறது என்பதற்கான அடையாளம் இது என்றது. நேர்முகத்தின் 30 மார்க்கை 15ஆகக் குறைக்கச் சொன்னது. அதே வருசம் யூ.ஜி.சி. கொண்டுவந்த விதிமுறை என்ன செய்தது தெரியுமா? எழுத்துத் தேர்வில் எல்லோரும் 50 விழுக்காடு எடுத்தால் போதும், எஸ்.சி., எஸ்.டி.க்கும் தளர்வு கிடையாது, அதன்பிறகு சேர்க்கை முழுக்க நேர்முகத்தை வைத்துத்தான் என்றது. முப்பதைப் பதினைந்தாக்கச் சொன்னால் நூறாக்கினார்கள்.

சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன் அந்த வருசம்தான் அங்கே எம்.பில். சேர்ந்தார், வரலாற்றுத் துறையில். காவலாளி வேலை பார்த்தவரின் மகன். பலமுறை நுழைவுத்தேர்வு எழுதி, விடாமல் முயன்று உள்ளே போனவர். ஐதராபாத்தில் 2016 ஜனவரி 17இல் ரோகித் வெமுலா இறந்தபோது போராடியவர்களில் அவரும் உண்டு. ஆராய்ச்சிப் படிப்பின் சேர்க்கையிலும் நேர்முகத்திலும் சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றிக் கடைசியாக எழுதிவிட்டு 2017 மார்ச் 13இல் டில்லியில் செத்துப்போனார். அவருக்கு முன்னால் 2008 பிப்ரவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர் செந்தில்குமார், அவரும் சேலத்துக்காரர். கைடு ஒதுக்கப்படாமல், உதவித்தொகையும் நின்றுபோய்ச் செத்தவர். தேர்வில் தோற்ற பிள்ளைகள் இல்லை இவர்கள், ஜெயித்து உள்ளே போனவர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018இல் யூ.ஜி.சி. இறங்கிவந்து எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று திருத்தியது. எஸ்.சி., எஸ்.டி., பிற்பட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வும் கொடுத்தது. போராடியதால் வந்தது, தானாக வரவில்லை. 2024இல் பிஎச்.டி. சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு அதிலும் 70க்கு 30தான். அந்த வருசம் ஜூன் 18இல் நடந்த நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். கடன் வாங்கி பஸ் ஏறிப்போய் எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் திரும்பவும் கடன் வாங்கினார்கள். விண்ணப்பக் கட்டணம் எஸ்.சி., எஸ்.டி.க்கு 325 ரூபாய்தான், சலுகைதான். ஆனால் ஷாப்பில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடத் துணைக்குப் போகிற அப்பனுடைய கணக்கு எந்த ரசீதிலும் வராது.

2005-06இல் தொடங்கிய ராஜீவ் காந்தி ஃபெலோஷிப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். நெட் இல்லாமலே எஸ்.சி., எஸ்.டி. ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கிடைத்த உதவித்தொகை அது. எம்.ஏ. மார்க்கை வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளில் இன்றைக்குப் பாடம் நடத்துகிற தலித் ஆசிரியர்களில் பலர் அதில் படித்து வந்தவர்கள். பின்னாளில் எஸ்.சி. மாணவர்களுக்கானதை நெட்டோடு கட்டிவிட்டார்கள். நேர்முகத்தின் அநியாயத்தைப் பேசுகிற நாம் இதைக் குறைவாகவே பேசினோம்.

இப்போது எங்கள் காலனியில் நெட் எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், பெண்பிள்ளைகள்தான் அதிகம். மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழைய கேள்வித்தாளை வைத்துப் படிக்கிறார்கள். பாதிநேரம் கேள்வியைத் தமிழில் சொல்லிப் புரியவைப்பதிலேயே போய்விடுகிறது. போன வருசம் அதில் ஒரு பெண் பிஎச்.டி. நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்து, “அண்ணா, எழுத்துல எவ்ளோ, நேர்ல எவ்ளோன்னு தனித்தனியா கேக்க முடியுமா?” என்றாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றேன். எழுத்தில் அவள் மார்க்கு, நேர்முகத்தில் அவள் மார்க்கு, சேர்க்கப்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே இரண்டு மார்க்கு, நேர்முகக் குழுவில் எஸ்.சி., எஸ்.டி. உறுப்பினர் இருந்தாரா என்று நாலு கேள்வி எழுதி பத்து ரூபாய் கட்டி அனுப்பினோம். முப்பதாவது நாள் பதில் வந்தது. அவளுடைய மொத்த மதிப்பெண் மட்டும் இருந்தது. மற்ற மூன்றுக்கும் மூன்றாம் நபர் தகவல், தர இயலாது என்று போட்டிருந்தார்கள். நேர்முகக் குழுவில் தலித் இருந்தாரா என்பது யாருடைய அந்தரங்கம் என்று கேட்டு முதல் மேல்முறையீடு எழுதியிருக்கிறோம். இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகிற வரைக்கும் பதில் வரவில்லை.